செல் சவ்வைத் தாண்டுவது எப்படி: மூன்று கேள்விகளும் ஓர் உருளைக்கிழங்கும்

பதினொன்றாம் வகுப்பு உயிரியலில் நிறையப் பேர் திணறும் இடம் இது. பரவல், சவ்வூடு பரவல், எளிதாக்கப்பட்ட பரவல், செயல்மிகு கடத்தல் என்று பெயர்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரையறை, ஒரு படம், இரண்டு எடுத்துக்காட்டு. எல்லாவற்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறார்கள்; கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் எதை எழுதுவது என்று தெரியாமல் விழிக்கிறார்கள். தருமபுரியில் பள்ளி மாணவர்களுக்கும் செவிலியர் பயிற்சிக்குப் போகிற பிள்ளைகளுக்கும் இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுப்பவன் நான். என் உறுதியான எண்ணம், பெயர்களைக் கடைசிக்குத் தள்ளிவிட வேண்டும் என்பதுதான். ஒரு பொருளைப் பார்த்ததும் மூன்று கேள்விகள் கேட்கத் தெரிந்தால், அது சவ்வை எப்படிக் கடக்கும் என்பதை நீங்களே சொல்லிவிடலாம். பெயர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

இதற்கு ஆய்வகம் தேவையில்லை. இரண்டு உருளைக்கிழங்கு, ஒரு பீட்ரூட், கொஞ்சம் உப்பு, நான்கு டம்ளர் இருந்தால் போதும். ஓசூர், தளிப் பக்கத்திலிருந்து வரும் உருளையும் பீட்ரூட்டும் நம் சந்தைகளில் எப்போதும் கிடைக்கும்.

முதல் படி: சவ்வை ஒருமுறை வரைந்து பாருங்கள்

பாடப்புத்தகப் படத்தைப் பார்த்து எழுதாமல், வெறும் தாளில் நீங்களே வரையுங்கள். செல் சவ்வு பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்பு வகை மூலக்கூறுகளால் ஆனது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை, இரண்டு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது. செல்லுக்கு உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். அதனால் இந்த மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நிற்கின்றன: தலைகள் இரு பக்கமும் தண்ணீரைப் பார்த்தபடி, வால்கள் நடுவில் ஒன்றையொன்று பார்த்தபடி. யாரும் அடுக்கிவைக்க வேண்டியதில்லை. தண்ணீரில் போட்டாலே அவை இப்படித்தான் சேரும்.

இதன் மொத்தத் தடிமன் ஏறத்தாழ 7 முதல் 8 நானோமீட்டர். பத்தாயிரம் சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு தலைமுடியின் தடிமன்தான் வரும். அவ்வளவு மெல்லிய சவ்வின் நடுப்பகுதி முழுக்க எண்ணெய் போன்ற ஒரு வெளி. இந்த எண்ணெய்ப் பகுதியை மறக்கவே கூடாது. இனி வருகிற எல்லாவற்றுக்கும் காரணம் அதுதான்.

இரண்டு அடுக்கு என்பதை 1925-இல் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் கண்டுபிடித்த விதம் அழகானது. இரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பை எல்லாம் பிரித்தெடுத்துத் தண்ணீர்மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பினார்கள். அந்தப் பரப்பு, செல்களின் மொத்த மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு வந்தது. 1972-இல் சிங்கரும் நிக்கல்சனும் இன்றைய படத்தைக் கொடுத்தார்கள்: கொழுப்பு அடுக்கு திரவம் போல நகர்ந்துகொண்டே இருக்கும், அதில் புரதங்கள் ஆங்காங்கே பதிந்து மிதக்கும். அந்தப் புரதங்களையும் உங்கள் படத்தில் நாலைந்து இடத்தில் வரைந்துவிடுங்கள். பின்னால் தேவைப்படும்.

இரண்டாம் படி: மூன்று கேள்விகள்

எந்தப் பொருளை எடுத்தாலும் இந்த வரிசையில் கேளுங்கள்.

ஒன்று, அதற்கு மின்சுமை உண்டா? இரண்டு, அது எண்ணெயில் கரையுமா, அல்லது அந்த எண்ணெய்ப் பகுதிக்குள் நுழைந்துபோகும் அளவுக்கு மிகச் சிறியதா? மூன்று, அது எந்தப் பக்கம் அதிகம் இருக்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும்?

மின்சுமையை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், பலர் மனதில் "சின்னது போகும், பெரியது போகாது" என்ற ஒரு விதி உட்கார்ந்திருக்கிறது. அது பாதி உண்மை; பாதி உண்மை தேர்வில் முழுத் தவறாகிவிடும். சோடியம் அயனி குளுக்கோஸைவிட மிகச் சிறியது. ஆனாலும் வெறும் கொழுப்பு அடுக்கை அது கிட்டத்தட்டக் கடக்கவே முடியாது. டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன் போன்ற ஸ்டீராய்டு ஹார்மோன்கள் குளுக்கோஸைவிடக் கனமானவை. அவை எந்தத் துணையும் இல்லாமல் சவ்வுக்குள் புகுந்து உள்ளே போய்விடும். காரணம் எளிது. மின்சுமை உள்ள அயனியைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றை உதறிவிட்டு எண்ணெய்க்குள் நுழைய அதற்கு ஏராளமான ஆற்றல் வேண்டும். ஸ்டீராய்டோ எண்ணெயில் கரையும் பொருள்.

இப்போது ஒரு பட்டியலை நீங்களே போட்டுப் பாருங்கள். ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு: சுமை இல்லை, சிறியவை, நேரடியாகப் போகும். தண்ணீர்: சிறியது, சுமை இல்லை, ஆனால் எண்ணெயில் ஒட்டாது, ஓரளவு நேரடியாகவும், வேகமாகப் போக வேண்டுமானால் தனி வழியிலும் போகும். குளுக்கோஸ், அமினோ அமிலம்: புரதத்தின் துணை வேண்டும். சோடியம், பொட்டாசியம், கால்சியம், குளோரைடு: அளவைப் பார்க்கவே வேண்டாம், புரதம் இல்லாமல் நடக்காது. புரதம், பாக்டீரியா போன்ற பெரியவை: சவ்வே வளைந்து சுற்றிக்கொண்டு உள்ளே எடுக்க வேண்டும்.

பாடத்தின் பெரும்பகுதி இத்தோடு முடிந்துவிட்டது. மீதி எல்லாம் இதன் விளைவுகள்.

மூன்றாம் படி: பரவலின் வேகத்தைக் கணக்குப் போடுங்கள்

மூலக்கூறுகள் எப்போதும் தாறுமாறாக அலைந்துகொண்டே இருக்கும். அதிகம் இருக்கிற இடத்திலிருந்து குறைவான இடத்துக்குப் போகிறவை அதிகமாகவும், எதிர்த்திசையில் வருகிறவை குறைவாகவும் இருப்பதால், மொத்தத்தில் ஒரு பக்கமாக நகர்வது போலத் தெரிகிறது. இதுதான் பரவல். செல் இதற்கு ஆற்றல் எதுவும் செலவழிப்பதில்லை.

இதில் ஒரு கணக்கை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு, தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு. தண்ணீரில் ஒரு சிறிய மூலக்கூறு ஒரு செல்லின் அளவான 10 மைக்ரோமீட்டர் தூரம் பரவ ஒரு வினாடியில் சிறு பகுதிதான் ஆகும். ஒரு மில்லிமீட்டர் போக ஏறத்தாழ எட்டு நிமிடம். பத்து சென்டிமீட்டர் போக ஏறத்தாழ இரண்டு மாதம்! செல்கள் ஏன் இவ்வளவு சிறியவை, நமக்கு ஏன் இதயமும் இரத்த ஓட்டமும் வேண்டியிருக்கிறது, மரத்துக்கு ஏன் நீர்க்குழாய்த் திசு வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் இந்த ஒரு கணக்கு விடை சொல்லிவிடும். நுரையீரலில் காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவே உள்ள தடுப்பு ஒரு மைக்ரோமீட்டர்கூட இல்லை என்பதும் இப்போது அர்த்தமாகும்.

நான்காம் படி: உருளைக்கிழங்கை உப்புத் தண்ணீரில் போடுங்கள்

இந்தச் சோதனையைப் படித்துவிட்டுக் கடந்துபோகாதீர்கள். செய்தே பாருங்கள்.

உருளைக்கிழங்கைத் தோல் சீவி, விரல் நீளத்துக்கு ஒரே அளவான நான்கு துண்டுகளாக நறுக்குங்கள். ஒரு துணியில் ஒற்றி ஈரம் எடுத்து, அடிக்கோலால் நீளத்தை அளந்து குறித்துவையுங்கள். ஒரு துண்டை மட்டும் நன்றாக வேகவைத்துத் தனியே வையுங்கள்.

முதல் டம்ளரில் வெறும் தண்ணீர். இரண்டாவதில் 100 மில்லிக்கு ஒரு கிராம் உப்பு. மூன்றாவதிலும் நான்காவதிலும் 100 மில்லிக்கு ஐந்து கிராம், அதாவது ஏறத்தாழ ஒரு டீஸ்பூன். பச்சைத் துண்டுகளை முதல் மூன்றில் போடுங்கள். வெந்த துண்டை நான்காவதில் போடுங்கள். ஒரு மணி நேரம் விடுங்கள். இரண்டு மணி நேரம் இருந்தால் இன்னும் நல்லது.

வெறும் தண்ணீரில் இருந்தது விறைப்பாக, வளைத்தால் 'டக்' என்று ஒடியும்; நீளமும் சற்றுக் கூடியிருக்கும். ஐந்து கிராம் உப்பில் இருந்தது துவண்டு, விரலில் சுற்றலாம் போல வளையும். ஒரு கிராம் டம்ளரில் பெரிய மாற்றம் தெரியாது. உருளைக்கிழங்குக்கு உள்ளேயும் வெளியேயும் ஏறத்தாழச் சமமாகிற செறிவு அந்த ஒரு விழுக்காட்டை ஒட்டித்தான் வரும். கிழங்குக்குக் கிழங்கு கொஞ்சம் மாறும்.

நான்காவது டம்ளரை முக்கியமாகக் கவனியுங்கள். வெந்த துண்டு பச்சைத் துண்டைப் போலச் சுருங்கித் துவளாது. சூட்டில் அதன் சவ்வுகள் சிதைந்துவிட்டன. உப்பும் உள்ளே போகும், தண்ணீரும் போகும், எதையும் தடுத்து நிறுத்த ஆளில்லை. ஆக, தண்ணீரை வெளியே இழுத்தது உப்பு மட்டும் இல்லை. உப்பை உள்ளே விடாமல் தண்ணீரை மட்டும் விட்ட ஒரு முழுமையான சவ்வும் வேண்டியிருந்தது. சவ்வூடு பரவல் என்றால் இதுதான். கரைபொருள் கடக்க முடியாதபோது, கரைபொருள் அதிகமுள்ள பக்கம் தண்ணீர் கடந்துபோகிறது.

பலர் வினிகரில் ஓடு கரைத்த முட்டையை வைத்து இதைக் காட்டுவார்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் முட்டையைச் சுற்றியிருக்கும் அந்தத் தோல் புரத நார்களால் ஆனது, செல் சவ்வு இல்லை. உயிருள்ள செல்களின் சவ்வைப் பார்க்க வேண்டுமென்றால் உருளைக்கிழங்குதான் நேர்மையான சோதனை என்பது என் கருத்து.

பீட்ரூட்டையும் செய்துவிடுங்கள். சிறு துண்டுகளாக நறுக்கி, வெட்டுப்பட்ட செல்களின் சாயம் போகும்வரை கழுவுங்கள். ஒரு பாதியைக் குளிர்ந்த தண்ணீரிலும், இன்னொரு பாதியைக் கொதிக்கும் தண்ணீரிலும் போடுங்கள். குளிர்ந்த தண்ணீர் வெகுநேரம் தெளிவாகவே இருக்கும். சுடுதண்ணீர் சிவந்துவிடும். அந்தச் சிவப்பு நிறமி செல்லின் நுண்குமிழிக்குள் அடைபட்டிருக்கிறது. வெளியே வர இரண்டு சவ்வுகளைக் கடக்க வேண்டும். சவ்வுகள் முழுதாக இருக்கும்வரை வராது. ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்து எடுத்த துண்டைத் தண்ணீரில் போட்டாலும் சிவக்கும்: பனிக்கட்டிப் படிகங்கள் சவ்வைக் கிழித்திருக்கும்.

அப்புறம், மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரி சாலையோரத்தில் பெங்களூரா மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுப்பார்களே, அதைச் சாப்பிடாமல் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். தட்டில் நீர் கோத்து நிற்கும். அந்த நீர் மாங்காயின் செல்களிலிருந்து வந்தது. ஊறுகாய் கெடாமல் இருப்பதிலும் இதே வேலை உண்டு: உப்பில் விழுந்த பெரும்பாலான நுண்ணுயிர்களும் தண்ணீரை இழந்து, பெருகமுடியாமல் போகும்.

பாலக்கோட்டில் தக்காளி போடுகிறவர்களைக் கேட்டால் இதன் இன்னொரு முகத்தைச் சொல்வார்கள். உரத்தைத் தண்டை ஒட்டிக் குவித்துப்போட்டால், ஈரம் இருந்தும் செடி வாடிக் கருகிவிடும். மண்நீரில் உரம் அளவுக்கு மிஞ்சிக் கரைந்தால், வேர் செல்லுக்குள் தண்ணீர் போகாது. உள்ளே இருப்பதும் வெளியே வரும். பாடப்புத்தகத்தில் "பிளாஸ்மா சிதைவு" என்று வருவது இந்த நிலைதான்.

மருத்துவமனைக்கு வருவோம். சலைன் பாட்டிலில் 0.9 விழுக்காடு சோடியம் குளோரைடு என்று அச்சிட்டிருக்கும். சிவப்பணுவுக்கு உள்ளே இருக்கும் செறிவுக்கு அது ஒத்துப்போகிறது. செல் வீங்குவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. வெறும் காய்ச்சி வடித்த நீரை நரம்பில் ஏற்றினால் சிவப்பணுக்கள் நீரை இழுத்து வெடிக்கும். தாவர செல்லுக்குக் கெட்டியான செல்சுவர் இருப்பதால் அது விறைப்பதோடு நின்றுவிடும். விலங்கு செல்லுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. செவிலியர் பயிற்சிக்குப் போகிறவர்கள் இந்த ஒரு வித்தியாசத்தை எப்போதும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: புரத வழிகளைச் சேருங்கள்

முதல் படியில் வரைந்த புரதங்களுக்கு இப்போது வேலை வந்துவிட்டது. அவற்றில் இரண்டு வகை. கால்வாய்ப் புரதம் நடுவில் துளை உள்ளது. திறந்திருந்தால் பொருள் ஓடும். கடத்திப் புரதம் ஒரு பக்கத்தில் பொருளைப் பிடித்து, தன் வடிவத்தை மாற்றி, மறுபக்கம் விடும். இப்படிப் புரதத்தின் துணையோடு, அதிகமான பக்கத்திலிருந்து குறைவான பக்கம் போவதுதான் எளிதாக்கப்பட்ட பரவல்.

தண்ணீருக்கென்றே ஒரு கால்வாய் உண்டு என்பது வெகுகாலம் சந்தேகமாகவே இருந்தது. 1992-இல் பீட்டர் ஆக்ரேயின் குழு, ஒரு புரதத்துக்கான ஆர்.என்.ஏ.வைத் தவளை முட்டைகளுக்குள் செலுத்தி, அவற்றை நீர்த்த கரைசலில் போட்டது. சாதாரண முட்டைகள் அப்படியே இருந்தன. அந்தப் புரதம் உருவான முட்டைகள் சில நிமிடங்களில் வீங்கி வெடித்தன. அந்தப் புரதத்துக்கு அக்குவாபோரின் என்று பெயர். 2003-இல் ஆக்ரேவுக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. அதை அவரோடு பகிர்ந்துகொண்ட ரோடெரிக் மெக்கின்னன், பொட்டாசியம் கால்வாயின் வடிவத்தைக் கண்டறிந்தவர். பொட்டாசியத்தை விடும் அந்தக் கால்வாய், அதைவிடச் சிறிய சோடியத்தை விடுவதில்லை. துளையின் உட்சுவரில் உள்ள ஆக்சிஜன் அணுக்கள் பொட்டாசியத்தின் அளவுக்குச் சரியாகப் பொருந்தி, அது உதறிய தண்ணீருக்கு ஈடுகொடுக்கின்றன. சோடியத்துக்குப் பொருந்துவதில்லை. "சின்னது போகும்" என்ற விதி இங்கேயும் தோற்றுப்போகிறது.

கடத்திப் புரதத்துக்குக் குளுக்கோஸ்தான் நல்ல எடுத்துக்காட்டு. தசை செல்லிலும் கொழுப்பு செல்லிலும் குளூட்-4 என்ற கடத்தி, இன்சுலின் இல்லாதபோது பெரும்பாலும் செல்லுக்குள்ளேயே சிறு பைகளில் கிடக்கும். இன்சுலின் வந்து சமிக்ஞை கொடுத்ததும் பைகள் சவ்வோடு இணைந்து, கடத்திகள் மேற்பரப்புக்கு வரும். குளுக்கோஸ் உள்ளே போகும். சர்க்கரை நோயில் இரத்தத்தில் குளுக்கோஸ் நிறைந்திருந்தும் தசை பட்டினி கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கடத்திகளுக்கு ஒரு வரம்பு உண்டு. எல்லாக் கடத்திகளும் வேலையில் இருந்துவிட்டால், அதற்குமேல் செறிவைக் கூட்டினாலும் வேகம் கூடாது. சிறுநீரகம் வடிகட்டிய குளுக்கோஸை இத்தகைய கடத்திகள்தான் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. இரத்தச் சர்க்கரை 100 மில்லிக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்போது அவற்றால் சமாளிக்க முடியாமல், மிச்சம் சிறுநீரில் இறங்குகிறது. அந்தக் குளுக்கோஸ் தன்னோடு தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் அடிக்கடி சிறுநீர் போகிறது, தாகம் எடுக்கிறது. மூன்றாம் வகுப்புப் படித்த ஒரு பாட்டிக்குக்கூட இதை விளக்கிவிடலாம். சவ்வு தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

ஆறாம் படி: மேட்டுக்கு ஏற்றும் பம்பு

மூன்றாவது கேள்விக்கு இப்போதுதான் முழு மதிப்பு வருகிறது. பொருள் அதிகமான பக்கத்திலிருந்து குறைவான பக்கம் போனால் ஆற்றல் வேண்டாம். எதிர்த்திசையில் போக வேண்டுமென்றால்? ஆற்றல் செலவழித்துத்தான் ஏற்ற வேண்டும்; அதுதான் செயல்மிகு கடத்தல்.

நம் செல்லுக்கு வெளியே லிட்டருக்கு 145 மில்லிமோல் அளவில் சோடியம். உள்ளே 12 அளவில்தான். பொட்டாசியம் தலைகீழ்: உள்ளே 140, வெளியே 4. இந்த ஏற்றத்தாழ்வைச் சோடியம்–பொட்டாசியம் பம்பு காக்கிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து, மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். நண்டின் நரம்பில் இதைக் கண்டு 1957-இல் வெளியிட்டவர் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கௌ; நாற்பது ஆண்டு கழித்து 1997-இல் நோபல் வந்தது. ஓய்வாக இருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு பம்புக்கே போகிறது.

இதை நம் வீட்டு போர்வெல் மோட்டாரோடு வைத்துப் புரிந்துகொள்ளலாம். கரண்டு செலவழித்துத் தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றுகிறோம். ஏற்றி முடித்தபின் கரண்டு போனாலும் குழாயில் தண்ணீர் வரும். அது விழுகிற வேகத்தை வைத்து வேறு வேலையும் வாங்கலாம். செல்லும் அப்படித்தான். ஏ.டி.பி. செலவழித்துச் சோடியத்தை வெளியே குவிக்கிறது. அந்தச் சோடியம் உள்ளே திரும்பப் பாயும்போது, தன்னோடு குளுக்கோஸையோ அமினோ அமிலத்தையோ இழுத்துக்கொண்டு வருகிறது. நேரடியாக ஏ.டி.பி. செலவாகாத இந்த இரண்டாம் வகையைத்தான் பிள்ளைகள் அதிகம் குழப்பிக்கொள்கிறார்கள்.

வயலில் தண்ணீர் தேங்கினால் பயிர் மஞ்சளாவதற்கும் இங்கே ஒரு விடை இருக்கிறது. மண்ணில் நைட்ரேட் மிகக் குறைவு, வேருக்குள் அதிகம். எடுத்துக்கொள்ள ஆற்றல் வேண்டும், ஆற்றலுக்கு வேர் சுவாசிக்க வேண்டும், சுவாசிக்க ஆக்சிஜன் வேண்டும். தேங்கிய நீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது.

ஏழாம் படி: ஓ.ஆர்.எஸ். கரைசலை இந்தக் கண்ணால் பாருங்கள்

இந்தப் பாடத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

சிறுகுடல் செல்லில் ஒரு கடத்தி இருக்கிறது. அது இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே விடும். இப்படி ஒரு கூட்டு வழி உண்டு என்று 1960-இல் சொன்னவர் ராபர்ட் கிரேன். காலரா நச்சு குடல் செல்லைக் குளோரைடைக் கொட்டவைக்கிறது; பின்னாலேயே சோடியமும் தண்ணீரும் போகின்றன. ஆனால் இந்தக் கூட்டுக் கடத்தியை அந்த நச்சு கெடுப்பதில்லை. உப்பையும் சர்க்கரையையும் சரியான அளவில் சேர்த்துக் கொடுத்தால், இரண்டும் உள்ளே போகும்; தண்ணீர் சவ்வூடு பரவலால் பின்தொடரும். வெறும் உப்புத்தண்ணீரோ வெறும் சர்க்கரைத்தண்ணீரோ இந்த வேலையைச் செய்யாது.

1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்த நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலைப் பெரிய பாத்திரங்களில் கலந்து வாய்வழியாகக் கொடுக்கவைத்தார். ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த சாவு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. ஒரு சவ்வுக் கடத்தியைப் பற்றிய அறிவு இத்தனை உயிரைக் காத்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

கலக்கும் முறை: பாக்கெட்டில் எத்தனை மில்லி என்று போட்டிருக்கிறதோ அத்தனை மில்லி சுத்தமான தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கொட்டிக் கலக்க வேண்டும். பாதிப் பாக்கெட்டை டம்ளரில் போடும் பழக்கம் வேண்டாம். பாக்கெட் கிடைக்காத அவசரத்தில், ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கலந்தது 24 மணி நேரத்துக்குத்தான். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, குடிக்க மறுத்தாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ருசிக்காகச் சர்க்கரையைக் கூட்டக் கூடாது என்பதற்கும் காரணம் உங்களுக்கு இப்போது தெரியும். கடத்திகளால் எடுக்கமுடியாமல் குடலில் தங்கும் சர்க்கரை, உடலிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். வயிற்றுப்போக்குக்குப் பாட்டில் குளிர்பானம் கொடுத்தால் அது மோசமாவதும் இதனால்தான். உலக சுகாதார நிறுவனமே 2002-இல் கரைசலின் மொத்தச் செறிவை 311-இலிருந்து 245 மில்லிஆஸ்மோலுக்குக் குறைத்தது. சோடியமும் குளுக்கோஸும் இப்போது லிட்டருக்கு 75 மில்லிமோல் வீதம்.

பெரிய பொருள்களைச் சவ்வே வளைத்து விழுங்குவதை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளையணு பாக்டீரியாவை விழுங்குவது உள்விழுங்கல். கணைய செல் இன்சுலின் பையைச் சவ்வோடு இணைத்து வெளியே கொட்டுவது வெளியேற்றம். இரண்டுக்கும் ஆற்றல் வேண்டும். தேர்வுக்கு இந்த அளவு போதும்.

எட்டாம் படி: நம் ஊர்த் தண்ணீரில் செய்துபாருங்கள்

மூன்று கேள்விகளும் கைக்கு வந்துவிட்டனவா என்று சோதிக்க ஃபுளூரைடை எடுத்துக்கொள்ளுங்கள். தருமபுரி மாவட்டத்தில் பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரையும் ஃபுளூரைடு பல தலைமுறைகளின் பல்லில் கறையாகவும் எலும்பில் வலியாகவும் தங்கியிருக்கிறது. இந்தியத் தர அளவு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் அதிகபட்சம் 1.5.

முதல் கேள்வி: மின்சுமை உண்டா? உண்டு. தண்ணீரில் அது எதிர்மின் அயனி. அப்படியானால் வெறும் கொழுப்பு அடுக்கைக் கடக்கக் கூடாதே? இங்கேதான் இரைப்பை வருகிறது. அங்கே பி.எச். 1 முதல் 2 வரை, அமிலம் மிகுதி. ஃபுளூரைடு ஒரு ஹைட்ரஜனைச் சேர்த்துக்கொண்டு ஹைட்ரஜன் ஃபுளூரைடு ஆகிவிடும். இப்போது கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். சுமை இல்லை. மிகச் சிறியது. இரைப்பையில் அதிகம், இரத்தத்தில் குறைவு. மூன்றும் ஒத்துவருகின்றன, சவ்வைத் தாண்டிவிடும். தாண்டியபின் இரத்தத்தின் பி.எச். 7.4-இல் ஹைட்ரஜனை விட்டு மறுபடியும் அயனியாகிவிடும். எஞ்சியது சிறுகுடலில் உறிஞ்சப்படும். வெறும் வயிற்றில் குடித்தால் உறிஞ்சல் விரைவு. பால், தயிர் போன்ற கால்சியம் உள்ள உணவோடு சேர்ந்தால் ஒரு பகுதி கால்சியத்தோடு கூடிக் கரையாத பொருளாகி, உள்ளே போவது குறையும்.

தண்ணீரைக் கொதிக்கவைத்தால் ஃபுளூரைடு போகாது. தண்ணீர்தான் ஆவியாகும், செறிவு கூடும். கிருமிக்குக் கொதிக்கவைப்பது நல்லது, ஃபுளூரைடுக்கு அது மருந்தில்லை. 2013-இல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைக் கொண்டுவந்தது இந்தப் பிரச்சினைக்காகவே. குடிக்கவும் சமைக்கவும் அந்தக் குழாய்த் தண்ணீர், மற்ற வேலைக்கு போர்வெல் தண்ணீர் என்று வீட்டில் பிரித்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்.ஓ. இயந்திரமும் நம் பாடத்தில்தான் வருகிறது. உருளைக்கிழங்கில் தண்ணீர் உப்புப் பக்கம் போனதல்லவா? இங்கே அழுத்தம் கொடுத்து, உப்புப் பக்கத்திலிருந்து தண்ணீரை எதிர்த்திசையில் ஒரு செயற்கைச் சவ்வு வழியாகத் தள்ளுகிறார்கள். தண்ணீர் போகும், அயனிகள் பெரும்பாலும் நின்றுவிடும். நின்ற ஃபுளூரைடு எங்கே போகும்? கழிவுக் குழாய் வழியாக வரும் தண்ணீரில், மூலத் தண்ணீரைவிடச் செறிவாக. அதைக் கழிப்பறைக்கும் தரை கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள். சோறு வடிக்கவோ மாட்டுத் தொட்டியில் ஊற்றவோ வேண்டாம். மாட்டின் பல்லும் எலும்பும் அதே ஃபுளூரைடால் கெடும்.